ஏழாம் நம்பர் சைக்கிள்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், எண்பதுகளில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. பெரிய கடை இல்லை. தகரக் கூரை, கிரீஸ் ஏறிக் கறுத்த மரப்பெட்டி, சங்கிலி போட்டுக் கட்டிவைத்த காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பழைய அலுமினியச் சட்டி, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் சைக்கிள்கள். ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்ட்டில் கடையின் பெயரும் ஒரு நம்பரும். நான் சொல்ல வந்தது ஏழாம் நம்பரின் கதையை.

அதன் கதை அம்பத்தூரில் தொடங்குகிறது. நாடு விடுதலையடைந்த காலத்தில் இங்கே ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களைத் தாத்தாமார்கள் குதிரை வம்சம் சொல்வதுபோல் சொல்வார்கள். இறக்குமதியை நம்பியிருக்கக் கூடாது என்று தேசம் முடிவெடுத்தபோது ஆலைகள் எழுந்தன. அசன்சோலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. சென்னையில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அந்த ஆங்கிலேய நிறுவனத்தின் தலைவராயிருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் மருத்துவமனை இருக்கிறது. டி.ஐ.யின் அம்பத்தூர் ஆலையிலிருந்துதான் ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு இறங்கின.

ஏழாம் நம்பரும் ஒரு ஹெர்குலிஸ். கறுப்பு நிறம், 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், நடுவில் தடித்த பார். இங்கிலாந்தில் போலீஸ்காரரும் தபால்காரரும் ஓட்டிய அதே அமைப்பு. வளர்ந்த ஆணின் கால் நீளத்தை மனத்தில் வைத்து வரைந்தது. புடவை கட்டியவரையோ பத்து வயதுப் பையனையோ அது கணக்கில் எடுக்கவில்லை. அப்படிக் கணக்கில் விடுபட்டவர்கள்தான் பிற்பாடு அந்த வண்டியின் வரலாற்றையே மாற்றினார்கள்.

சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருப்பது அன்றைக்குச் சாதாரணமில்லை. கல்யாணப் பேச்சில் வாட்சும் ரேடியோவும் சைக்கிளும் ஒரே மூச்சில் வந்த காலம். வாங்கினாலும் ஆண்டுதோறும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் போனாலும், பின்னால் ஒருவரை ஏற்றி டபுள்ஸ் போனாலும், போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கும். மாதச் சம்பளக்காரர் பல மாதம் சேர்த்து வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்த மனம் வராமல் வீட்டுக்குள் தூக்கிவைத்தார். மற்றவர்களுக்கு வாடகைக் கடை.

தாம்பரம் பக்கம் இந்தக் கடைகள் பிழைத்ததற்குக் காரணம் ரயில். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் அதுதான் முதல். அதற்கு முன்பே, 1928இல், டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்குச் சானடோரியம் திறந்திருந்தார். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. ஒரு பக்கம் விமானப்படை முகாம், இன்னொரு பக்கம் தோல் ஆலைகள். அவற்றில் ஒன்றான குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. 1984இல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. வேலை பெருகப் பெருக வீட்டு மனைகளும் பெருகின. ஆனால் மனை விலை ஸ்டேஷனிலிருந்து தள்ளித் தள்ளிப் போனால்தான் கட்டுப்படியாகும். முடிச்சூர், மண்ணிவாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் என்று ஏரிகளையும் வயல்களையும் தாண்டி மனை வாங்கியவர்களை ரயில் தாம்பரத்திலேயே இறக்கிவிட்டது. மிச்ச மைல்கள் அவரவர் பாடு. அந்த மிச்ச மைல்களில்தான் ஏழாம் நம்பர் தன் வாழ்நாளைக் கழித்தது.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வாடகை மணிக்கு ஐம்பது காசு, நாள் வாடகை தனி. நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டில் நான்கு கட்டம்: சைக்கிள் நம்பர், பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம். கட்டத்தை நிரப்புவதற்கு முன் ஒரு கேள்வி வரும்.

“யாரு வூட்டுப் பையன் நீ?”

“மூணாவது தெரு பாய். போஸ்ட் ஆபீஸ்காரர் வீடு.”

“அப்பாருக்குத் தெரியுமா? சரி, எடு. ஆறு மணிக்குள்ள வுட்ரணும். செயின் கழண்டா நீயே மாட்டு, கம்பிய வளைச்சுக் கொண்டாந்தியானா கோட்டம் எடுக்கிற காசு உங்கப்பாகிட்டதான்.”

இவ்வளவுதான் ஒப்பந்தம். முகம் தெரியாத வெளியூர்க்காரர் வந்தால் கைக்கடிகாரத்தையோ ரேஷன் கார்டையோ வாங்கி மரப்பெட்டிக்குள் போடுவார். தெரிந்த யாராவது “நம்ம ஆளுதான், கொடுங்க” என்றால் அதுவும் வேண்டாம். வண்டி திரும்பி வந்ததும் பாய் முதலில் பார்ப்பது நேரத்தை இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். ரிம் பிரேக் கட்டைக்கு நடுவில் நேராக ஓடினால் தலையாட்டுவார். இடமும் வலமும் ஆடினால் ஸ்போக் சாவியை எடுத்துக்கொண்டு குந்திவிடுவார். நாலு கம்பியை இறுக்கி, இரண்டைத் தளர்த்தி, மறுபடி சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நோட்டு.

ஏழாம் நம்பரின் ஒரு நாளை எழுதினால் அந்த வட்டாரத்தின் ஒரு நாளையே எழுதியதாகும். விடியுமுன் பேப்பர் போடும் பையன் எடுப்பான். கேரியரும் கூடையும் கிடையாது, ஹேண்டில் பாரின் இருபுறமும் பையைத் தொங்கவிட்டுக் கொள்வான். ஏழரைக்குள் திரும்பி வந்ததும், ரயிலைத் தவறவிடப் போகிற யாராவது ஒருவரை ஒரு பையன் முன் பாரில் உட்காரவைத்து ஸ்டேஷனில் விட்டுவருவான். பத்து மணிக்குமேல் எலெக்ட்ரீஷியன், கொத்தனார், சீட்டுப் பணம் வசூலிப்பவர். மதியம் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோகிறவர். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் ராஜ்ஜியம். இருட்டிய பிறகு டைனமோ இல்லாத வண்டியைப் பாய் வெளியே விடமாட்டார். ஒரே இரும்புச் சட்டம், ஒரே நாளில் பத்துக் கால்களுக்குக் கீழே ஓடியது. எவர் வீட்டு வாசலிலும் அது சும்மா நின்றதில்லை.

பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாத வயதில் நாங்கள் கற்றது குரங்கு பெடல். முக்கோணச் சட்டத்தின் ஊடே வலக்காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, அரைப் பெடலாக மிதித்துப் போவது. பெரியவர்களுக்கான வண்டியைச் சிறுவர்கள் தங்கள் உடம்புக்கேற்ப வளைத்துக்கொண்ட வித்தை அது. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் இயக்கி 2024இல் வெளிவந்த ‘குரங்கு பெடல்’ படம், வாடகைக்கு எடுத்த சைக்கிளைக் குறித்த நேரத்தில் திருப்பிக் கொடுக்க முடியாத ஒரு பையனின் தவிப்பைத்தான் சொல்கிறது. அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். நேரமாகிவிட்டது என்ற பயத்தைவிட, பாய் இனி நம்மை நம்பமாட்டாரோ என்ற பயம்தான் வயிற்றைப் பிசையும்.

இந்தக் கடையை நினைத்து உருகிப்போகிறவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “யாரு வூட்டுப் பையன்” என்ற அந்தக் கேள்வி பாதுகாப்பும் கொடுத்தது, கதவையும் அடைத்தது. அந்த நோட்டில் பெண் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. அக்காமார்கள் தெருமுனையில் நின்று எங்கள் சைக்கிளை வேடிக்கை பார்த்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்து குடிசை போட்டவரைத் தெரியும் என்று சொல்ல ஆள் இல்லை. ரேஷன் கார்டும் இல்லை. கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். தலித்துகள் சில தெருக்களில் சைக்கிளை ஓட்டிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை பல ஊர்களில் இருந்தது. பொதுவில் பகிர்ந்த பொருள் என்றாலும், பகிர்ந்துகொண்டவர்கள் யார், வெளியே நின்றவர்கள் யார் என்று பார்க்காமல் அந்தக் காலத்தைப் புகழ முடியாது.

அதனால்தான் சொந்த சைக்கிள் என்பது தமிழ்நாட்டில் வெறும் நுகர்வுப் பெருமையாக வரவில்லை. அது விடுதலையாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று நின்றார். கல் குவாரித் தொழிலாளர்களும், விவசாயக் கூலிகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியபோது பதிவுசெய்த ஒரு விவரம் எனக்கு மறக்காது: லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கிய பெண்கள் இருந்தார்கள், நடுவில் பார் இருப்பதால் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பிய பெண்களும் இருந்தார்கள். அம்பத்தூர் வண்டி யாருக்காக வரையப்படவில்லையோ அவர்களே அந்தப் பாருக்கு ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

2001-02இல் தமிழக அரசு மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கும் புது சைக்கிள்கள், சீட்டில் உரிக்காத பிளாஸ்டிக் உறை, கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அப்படியே மிதித்துக் கிளம்பும் பெண்கள் என்று அந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. பீகார் 2006இல் இதே வழியில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில் உரிய வயதில் சேர்ந்த பெண்களின் அளவு 30 சதவீதத்துக்கு மேல் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று காட்டினார்கள். பள்ளியிலிருந்து தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு வண்டி இருப்பதற்கும், அண்ணன் கொடுத்தால் ஓட்டலாம் என்பதற்கும் உள்ள தூரம் அது. உடைமை வேண்டாம், பகிர்ந்து வாழ்வோம் என்று இன்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உடைமையே இல்லாதிருந்தவரிடம் அந்தப் பேச்சைப் பேச முடியாது.

இதற்கிடையே வாடகைக் கடை மெலிந்தது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 பால்காரரையும் காய்கறிக்காரரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு ஸ்கூட்டி வந்தது, தவணையில் பைக் வந்தது. ஐந்தாவது பிறந்தநாளுக்கே பிள்ளைக்குச் சின்ன சைக்கிள் என்றாகிவிட்டது. பாயிடம் வருகிறவர்கள் பஞ்சர் ஒட்டவும் காற்றடிக்கவும் மட்டும் வந்தார்கள். ஒவ்வொரு வண்டியாக விற்றார். ஏழாம் நம்பரை வாங்கியது தண்ணீர் போடுகிறவர் ஒருவர். சட்டத்தில் கம்பி வளைத்துக் கொக்கி மாட்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்கள், பின்னால் புதிதாகப் பொருத்திய கேரியரில் இன்னும் இரண்டு. உட்கார்ந்து ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போவார். குழாய்த் தண்ணீர் எட்டாத புறநகர்த் தெருக்களில் அந்த நாலு குடம் ஒரு வீட்டின் அன்றாடம். பார் துருப்பிடித்து விரிசல் விட்டதும் அது காயலான் கடைக்குப் போனது. எடைக்கு எடை காசு. மட்கார்டில் எழுத்து அப்போதும் மங்கலாகத் தெரிந்தது என்று பாயின் மகன் சொன்னார். அவர் இப்போது அதே இடத்தில் டூவீலர் மெக்கானிக்.

பாய் கடை தாம்பரத்தில் ஓய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பணக்கார நகரங்கள் வாடகை சைக்கிளைப் புதுக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடத் தொடங்கின. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1965இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் குழுவினர் சில பழைய சைக்கிள்களுக்கு வெள்ளையடித்துத் தெருவில் விட்டார்கள். பூட்டு இல்லை, வாடகை இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டி, இறங்கிய இடத்தில் விட்டுப் போகலாம். பூட்டாமல் சைக்கிளை விடுவது சட்டவிரோதம் என்று போலீஸ் அவற்றைப் பறிமுதல் செய்தது. 1995இல் கோபன்ஹேகன் நாணயம் போட்டால் திறக்கும் பூட்டை வைத்துப் பார்த்தது. 2005இல் லியோன், 2007இல் பாரிஸ், அடுத்த ஆண்டு சீனாவின் ஹாங்சோ. அட்டையும் கணினியும் வந்ததால் எடுத்தவர் யார் என்று தெரிந்தது. அப்படியும் பாரிஸில் முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் களவுபோயின, சிதைக்கப்பட்டன.

பிறகு வந்தது செல்போன் அலை. பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014இல் தொடங்கிய ஓஃபோ, அதன் போட்டியாளர் மோபைக் இரண்டும் முதலீட்டாளர் பணத்தைக் கொட்டி நகரங்களைச் சைக்கிளால் நிரப்பின. நிறுத்த நிலையம் வேண்டாம், போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். ஓஃபோவின் மஞ்சள் வண்டிகள் 2018இல் கோயம்புத்தூருக்கும் வந்தன. அதே ஆண்டு அந்த நிறுவனம் இந்தியாவை விட்டே போய்விட்டது. அந்த ஆண்டின் முடிவில் சீனாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் தாங்கள் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இணைய வரிசையில் நின்றார்கள். சீன நகரங்களின் ஓரத்தில் ஆயிரமாயிரம் சைக்கிள்கள் மலையாகக் குவிந்து கிடக்கும் படங்கள் உலகெங்கும் போயின. காயலான் கடைக்குப் போகும்போதாவது ஏழாம் நம்பர் உழைத்துத் தேய்ந்திருந்தது. அந்த வண்டிகளில் பலவற்றின் டயர்கூடத் தேயவில்லை.

சென்னையில் மாநகராட்சியின் ஏற்பாட்டில் 2019இல் ஸ்மார்ட்பைக் நிலையங்கள் வந்தன. நல்ல முயற்சி, வரவேற்க வேண்டியது. ஆனால் அது மாநகராட்சி எல்லைக்குள், கடற்கரைக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில் தொடங்கியது. தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலான ஊர்களோடு சேர்ந்து தனி மாநகராட்சியான இந்தப் பகுதியில்தான் ரயிலடிக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலைந்து கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது. உலாவப் போகிறவருக்கு சைக்கிள் ஒரு மகிழ்ச்சி. மாடம்பாக்கத்துக்கு வீடு திரும்புகிறவருக்கு அது தேவை.

அந்தத் தேவையை இன்று சுமப்பது ஷேர் ஆட்டோ. 2007இல் வந்த டாட்டா மேஜிக்கும் அதன் உறவுகளும் கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி சாலை முகப்பில் நின்றுகொண்டு “கேம்ப்ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம்” என்று கூவுகின்றன. மொத்த வண்டியையும் ஒருவரோ ஒரு குழுவோ பேசி அமர்த்துவதற்கான பர்மிட் ஒன்று, வழியில் ஆளுக்கு ஆள் டிக்கெட் போட்டு ஏற்றுவதற்கான பர்மிட் வேறொன்று. ஷேர் ஆட்டோ இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பதால் அதிகாரிக்கும் ஓட்டுநருக்கும் ஓயாத இழுபறி. இருந்தும் ஓடுகிறது. வழக்கமாக வருகிற நர்ஸ் அம்மா இன்னும் வரவில்லையே என்று ஒரு நிமிடம் கூட நிறுத்திவைக்கும் ஓட்டுநரை நான் அந்த ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். செல்போன் செயலியில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே காரைப் பங்குபோடும் ஏற்பாட்டை, கொரோனா வந்த 2020 மார்ச்சில் உபர் நிறுத்திவைத்தது. ஊரடங்கு தளர்ந்ததும் மேஜிக் முதல் ஆளாக வந்து நின்றது. ஓட்டினால்தான் அன்றைய தவணை கட்ட முடியும் என்பது ஒரு காரணம். அந்த முகங்கள் ஓட்டுநருக்குத் தெரியும் என்பது இன்னொன்று.

ஆம்ஸ்டர்டாமின் வெள்ளை சைக்கிளுக்கு உடைமைக்காரரே இல்லை. மஞ்சள் சைக்கிளுக்கு இருந்தார், ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். ஏழாம் நம்பருக்கு உடைமைக்காரர் பத்தடி தூரத்தில் ஸ்போக் சாவியோடு குந்தியிருந்தார். பகிர்வு நிலைக்கிறதா இல்லையா என்பதை முடிவுசெய்தது இந்தத் தூரம்தான் என்று நான் நினைக்கிறேன். பொருளைப் பலர் எடுத்து ஓட்டலாம், ஆனால் அதைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்க்கிற கண் ஒன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் ஊரில் நிலைத்திருக்கிற வாடகைத் தொழில்கள் எல்லாமே இப்படித்தான். கல்யாணப் பாத்திரக் கடை அண்டா திரும்பும்போது தட்டிப் பார்க்கிறது. சென்ட்ரிங் பலகை விடுகிறவர் பலகையை எண்ணி, சிமெண்டைச் சுரண்டி, எண்ணெய் தடவி அடுக்குகிறார்.

இன்றைக்குத் தாம்பரம் ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தை ஒரு காலை நேரத்தில் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஹேண்டில் பாரோடு ஹேண்டில் பார் சிக்கிக்கொள்ளும்படி ஸ்கூட்டர்களும் பைக்குகளும் நெருக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தவணை. வீட்டிலிருந்து கால் மணி நேரம் ஓடிவந்து, பத்து மணி நேரம் வெயிலில் நின்று, மறுபடி கால் மணி நேரம் ஓடுவது அவற்றின் வாழ்க்கை. ஏழாம் நம்பரின் நாளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு இரும்பு, எவ்வளவு பணம், எவ்வளவு இடம் வீண்! இத்தனை பேரும் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். இரவு பத்து மணிக்கு இறங்கி மண்ணிவாக்கம் போகிற பெண்ணுக்கு அவள் ஸ்கூட்டி கொடுக்கிற துணிவை வேறெதுவும் கொடுக்காது. ஆனால் கால் மணி நேரத் தேவைக்கு ஒரு முழு வண்டியை வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் பலருக்கு இருக்கக் கூடாது.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடம் அந்தக் கட்டாயம் இல்லை. ஓர் அறைக்கு ஒரு பழைய சைக்கிள். கைமாற்றுக் கடையில் எல்லோரும் காசு போட்டு வாங்கியது. காலையில் வேலையிடம் தூரமாக இருப்பவர் எடுக்கிறார், மாலையில் சமையல் முறை யாருக்கோ அவர் கடைக்கு எடுத்துப் போகிறார். பஞ்சர் ஆனால் செலவு பங்கு. பாயின் மகன் கடைக்கு அப்படி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இளைஞர், டியூபைக் கடைக்காரர் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி தேடுகிற நேரத்தில், எந்த ரூமில் யார் எப்போது எடுப்பார்கள் என்று அரைத் தமிழில் எனக்கு விளக்கினார். அரசு சைக்கிளாகப் பள்ளியில் தொடங்கி, விற்கப்பட்டுக் கைமாறி வந்த வண்டி அது. செயின் கவரில் பழைய பெயிண்ட் தெரிந்தது. எண்பதுகளின் பாய் இந்த இளைஞரிடம் கைக்கடிகாரம் கேட்டிருப்பார். இன்று இவர்களே தங்களுக்குள் ஒரு நோட்டு இல்லாத வாடகைக் கடை நடத்துகிறார்கள்.

தாம்பரம் மாநகராட்சியும் ரயில்வேயும் இதற்குப் பெரிய திட்டம் தீட்ட வேண்டியதில்லை. ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தை ரயில்வே டெண்டர் விட்டுத்தான் கொடுக்கிறது. அந்த டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: இடத்தின் ஒரு பகுதியில் வாடகை சைக்கிள்கள், அவற்றில் பாதி பார் இல்லாத வண்டிகள், ஆதாரோ வேலை அட்டையோ எதைக் காட்டினாலும் பெண்ணுக்கும் வெளியூர்க்காரருக்கும் மறுக்காமல் கொடுக்க வேண்டும். முதல் ரயில் முதல் கடைசி ரயில் வரை பஞ்சர் ஒட்டவும் கோட்டம் எடுக்கவும் தெரிந்த ஆள் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். சேலையூரிலும் முடிச்சூரிலும் செம்பாக்கத்திலும், ஏற்கெனவே பம்பும் ஸ்போக் சாவியும் வைத்துக்கொண்டு வாடிக்கைக்குக் காத்திருக்கும் பஞ்சர் கடைகளே வண்டியைத் திரும்ப ஒப்படைக்கும் இடங்களாக இருக்கலாம், வண்டிக்கு இவ்வளவு என்று அவர்களுக்கும் கூலி. பாயின் மகனிடம் இதைச் சொன்னபோது, முதலில் எத்தனை வண்டி கொடுப்பார்கள் என்று கேட்டார். பிறகு, கடைக்குள் எத்தனை நிற்கும் என்று சுவரோரத்தை அளந்து பார்க்கத் தொடங்கினார்.